கூட்டத்துக்கு வராதீங்க

எங்கள் பணிப்பாளர் தன் நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பத்து வருடத்துக்கு மேல் அந்த அறையில் இருந்தார். நல்ல தேக்கு நாற்காலி. முதல் பணிப்பாளருக்காகச் செய்வித்தது. அவர் ஒரே வருடத்தில் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இவர் மேசைக்கு இந்தப் பக்கம், பார்க்க வருகிறவர்களுக்குப் போட்ட மர நாற்காலியில் உட்கார்ந்தே எல்லாக் கோப்பையும் பார்த்தார். புதிதாக வருகிறவர்கள் இவரையும் காத்திருக்கிற ஆள் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பணிப்பாளர் எப்போது வருவார் என்று கேட்பார்கள். "நிரந்தரமானவர் இன்னும் வரல்ல. இப்போதைக்கு நான் பாக்குறேன். சொல்லுங்க" என்பார்.

பதில் பணிப்பாளர் என்பதுதான் அவருடைய பதவி. நிரந்தரமாக ஒருவர் நியமிக்கப்படும்வரை பொறுப்பைப் பார்க்கும் ஆள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து நீடிப்புக் கடிதம் வரும். சில வேளை அந்தக் கடிதம் ஒரு வாரம் பிந்தி வரும். அந்த ஒரு வாரமும் அவர் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். தமிழர், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன், படித்து முன்னுக்கு வந்தவர், உக்குவளையில் வீடு. அவரை ஏன் நிரந்தரமாக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் கேட்பார்கள்?

எங்களுடையது பெரிய பல்கலைக்கழகமல்ல, ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன வளாகம். அலுவிகாரைக்குப் போகும் வழியில் பழைய கொக்கோ ஸ்டோர் ஒன்றை வெள்ளையடித்துத் தந்திருந்தார்கள். மழை நாளில் சுவரெல்லாம் கொக்கோ மணக்கும். விரிவுரை நடக்கும்போது பிள்ளைகளுக்குப் பசியெடுக்கும். நான் அங்கே தமிழ் டைப்பிஸ்ட். ஆனால் தமிழில் டைப் பண்ண அதிகம் இல்லாததால் சபைக் கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. நானும் உக்குவளை என்பதால் போகும்போதும் வரும்போதும் ஒரே பஸ். அலுவலகத்தில் கேட்டது போதாதென்று பஸ்ஸிலும் சபையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வருவேன்.

சபை என்றால் வளாகத்தின் ஆளுகைச் சபை. ஒன்பது பேர். சட்டப்படி எல்லா அதிகாரமும் அதற்குத்தான். அமைச்சிலிருந்து ஒருவர், அரசாங்க அதிபரின் கச்சேரியிலிருந்து ஒருவர், பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் இரண்டு பேர், ஹாமதுரு என்று நாங்கள் சொல்லும் பௌத்த பிக்கு ஒருவர், ஒரு தோட்டத்துத் துரை, உக்குவளையில் சரக்குக் கடை வைத்திருந்த ஹாஜியார், மாத்தளை டவுனில் வழக்குப் பேசிய வயதான புரொக்டர் ஒருவர், பிறகு நாங்கள் சேர் என்று கூப்பிடும் எங்கள் பணிப்பாளர். ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். அதைக் கோரம் என்பார்கள். ஆறு கூட்டத்தில் நாலுக்குக் கோரம் சேராது. அவர் கடிதம் போடுவார், தந்தி அடிப்பார், கடைசியில் பஸ் ஏறி வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவார். ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் தலைவர் கலியாணக் கார்டு கொடுக்கிறவர்போல அலைவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஏன் இப்படி அலைய வேண்டும்? தானே தீர்மானிக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இவரால் முடியாது. எதைக் கேட்டாலும் "அது சபைக்குப் போகணும்" என்பார். பைப் உடைந்தால் சபை. கன்டீன்காரன் தேநீரின் விலையை ஏற்றினால் சபை. என் அறைக் கூரைக்கு மேல் ஒரு பலாக்கிளை வெடித்துத் தொங்கியது. வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மரம் வளாகத்தின் சொத்து, சபை அனுமதிக்க வேண்டும் என்றார். இரண்டு கூட்டம் கோரமில்லாமல் போயின. மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின வாரம் கிளை தானாக விழுந்தது, நல்லவேளை கூரையில் அல்ல, சைக்கிள் கொட்டிலில். விழுந்த கிளையை அப்புறப்படுத்த அவர் சபைக்கு எழுதியதை நானே டைப் பண்ணினேன். கோபத்தில் ரிப்பன் கிழிந்தது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சபாவ', சிங்களத்தில் சபை. அவர் வராந்தாவில் நடந்தால் யாராவது தூணுக்குப் பின்னாலிருந்து அப்படிக் கூவுவார்கள். திரும்பிப் பார்க்காமல் போவார்.

எண்பதுகளின் கடைசி வருடங்களை மாத்தளையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கவும் எனக்குத் தெம்பில்லை. கடையை மூடு என்று கிளர்ச்சிக்காரர்களின் துண்டுக் கடிதம் வரும், திற என்று ஆமிக்காரனின் துப்பாக்கி வரும். காலையில் பஸ் வந்தால் அதில் ஏறுகிறவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டார்கள், வழியில் கிடப்பவர்களைப் பார்க்க நேர்ந்துவிடுமே என்று. எண்பத்து மூன்றில் அடிபட்டது தமிழர்கள். இந்த முறை சுடப்பட்டதும் தூக்கிச் செல்லப்பட்டதும் பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். எங்கள் மாணவர்களிலும் அவர்கள்தான் அதிகம். மாணவர் குழுவில் இருந்தவர்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்தி வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை நம்பர் இல்லாத ஜீப் ஒன்று வந்தது. சாதாரண உடுப்பில் ஓர் அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். பல நாள் தூங்காத கண். மாணவர் குழுவில் இருந்தவர்களின் வீட்டு விலாசம் வேண்டும் என்றார். அவை எல்லாம் பதிவேட்டில் இருந்தன, பதிவேடு சேரின் அறை அலுமாரியில் இருந்தது, சாவி சேரின் சட்டைப்பையில் இருந்தது. சேர் அவரை மேசைக்குப் பின்னாலிருந்த தேக்கு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவரும் உட்கார்ந்தார். யார் பணிப்பாளர், யார் விண்ணப்பிக்க வந்தவர் என்று எனக்கே ஒரு நொடி குழம்பிவிட்டது.

சேர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பதிவேடு சபையின் சொத்து. நான் பதில் கடமை பார்ப்பவன், வெளியே கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. சபை கூடித் தீர்மானம் எடுத்தால் அன்றைக்கே தருவேன். சபையைக் கூட்ட ஏழு நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பிரிவைக் காட்டவும் செய்தார். அதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அலுமாரியைப் பார்த்தார். ஓர் உதை போதும். ஏன் உதைக்கவில்லை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவரும் அரசாங்க ஊழியர், மேலே காட்ட அவருக்கும் ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கலாம். அடுத்த புதன்கிழமை கூட்டம் வையுங்கள், நான் வந்து இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே அறிவித்தல் டைப் பண்ணினேன். 'முக்கியமான விடயம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதிகாரி பிரதி கேட்டால் குறை சொல்லக் கூடாதாம். ஒன்பது பேருக்கும் தபாலில் போனது. அடுத்த நாளிலிருந்து சேர் வழக்கம்போல பஸ் ஏறி வீடு வீடாகப் போகத் தொடங்கினார். இந்த நேரத்திலும் கோரம் சேர்க்க அலைகிறாரே, பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கக்கூடச் சட்டப்படிதான் கொடுப்பாரோ என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த வாரம் அவரோடு பஸ்ஸில் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை உக்குவளையில் இறங்கியதும் சேர், ஹாஜியார் கடைக்குக் கூட வாங்க மிஸ் என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். கடையில் சாதிக்காய் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்த ஹாஜியார், புதன்கிழமை கட்டாயம் வருவதாகத் தானாகவே சொன்னார். கடிதத்தில் முக்கியம் என்று போட்டிருந்ததாம்.

"கூட்டத்துக்கு வராதீங்க ஹாஜியார்" என்றார் சேர்.

ஹாஜியார் தராசை விட்டுவிட்டார். "என்னா சேர் இது? வாங்க வாங்கன்னு வருஷக் கணக்கா அலையுறீங்க. இப்ப வர வாணாங்குறீங்க."

சேர் விஷயத்தைச் சொன்னார். ஹாமதுருவும் பேராசிரியர்கள் இரண்டு பேரும் வருவதில்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள், துரையும் சரி என்றார், அவர் மனம் மாறி வந்தாலும் நீங்கள் வராவிட்டால் கோரமில்லை. ஹாஜியார் குரலை இறக்கிக் கேட்டார், எண்பத்து மூன்றில் சேரின் வீட்டுக் கூரை எரிந்தபோது அணைக்க இந்தப் பிள்ளைகளின் ஆட்களில் எவன் வந்தான் என்று. சேருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. வீடு எரிந்ததைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

"பதிவேட்டுல பேர் இருக்குங்க. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

ஹாஜியார் வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நான் தலை குனிந்து நின்றேன். நாலு நாளாக அவரை மனதுக்குள் திட்டியவள் நான்.

அந்த வாரம் எங்கள் இரண்டு பேருக்குமே அலுவலக வேலையில் கவனமில்லை. வழக்கமான தபாலை நான் டைப் பண்ணி நீட்ட, அவர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். இதைப் பிறகு சொல்ல வேண்டி வரும்.

புதன்கிழமை வந்தது. அதிகாரி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அமைச்சுக்காரரும் கச்சேரிக்காரரும் வந்தார்கள். அவர்களிடம் வராதீர்கள் என்று சொல்ல முடியாது. சேரோடு மூன்று. பிறகு துரை வந்தார். சேரின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். அவருடைய தோட்டத்து பக்டரிக்கு ஆமிக் காவல் போட்டிருந்தார்கள், அவர் வராமல் இருந்திருக்க முடியாது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நாலு. கூட்ட நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஒரு கார் நின்றது. புரொக்டர் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார்.

அவரிடம் சேர் போகவில்லை. ஒன்றரை வருடமாக எந்தக் கூட்டத்துக்கும் வராதவர். கோரம் சேர்ப்பதற்கென்றே சேர் மனதில் வைத்திருந்த கணக்கில் அவர் பெயர் எப்போதோ வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வரச் சொல்லிப் பயனில்லாதவரிடம் வராதீங்க என்று சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்கும் தோன்றவில்லை. முக்கியமான விடயம் என்ற வரியைப் படித்துவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் வந்துவிட்டார்.

ஐந்து பேர். கூட்டம் தொடங்கியது. முதலாவது, சென்ற கூட்டத்தின் அறிக்கையை உறுதிசெய்தல். இரண்டாவதுதான் பதிவேடு. நான் பேனாவைப் பிடித்திருந்தேன், எழுத்து வரவில்லை. அறிக்கை உறுதியானது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எழுந்தார். எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது, கொஞ்சம் வெளியே போய் வருகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நடந்தார். அதிகாரியைக் கடந்து, வராந்தாவைக் கடந்து, முற்றத்தில் அந்தப் பலாமரத்தின் வேரில் போய் உட்கார்ந்தார். தன் வாழ்நாளில் ஒரு கூட்டத்தை விட்டு அவர் நடுவில் எழுந்து போனது அன்றைக்குத்தான்.

நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு ஒருவரைத் தலைவராக்கி நடத்தலாமே என்றார் அமைச்சுக்காரர். புரொக்டர் சட்டப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். யார் தலைவரானாலும் ஐந்து பேர் வேண்டும், அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒத்திவைக்க வேண்டும் என்று அதில் இருப்பதைச் சத்தமாக வாசித்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வந்ததற்கு நல்ல மரியாதை என்று முணுமுணுத்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தார். நான் ஒரு கோப்பைத் தேநீரோடு மரத்தடிக்குப் போனேன். சேர் அதை வாங்கி, குடிக்காமல் வேரில் வைத்தார்.

"நேரம் சரியா எழுதுங்க மிஸ். நான் எந்திரிச்சதுலேர்ந்து அரமணி" என்றார்.

கோரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன். அதிகாரி ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜீப்பில் ஏறி, முற்றத்தில் அதை நிறுத்தி, மரத்தடியில் இருந்தவரை இறங்காமலே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ தெரியாது. ஜீப் போய்விட்டது. மறுபடி ஏழு நாள் அறிவித்தல், மறுபடி கோரமில்லை. இந்த முறை புரொக்டரிடமும் போய்ச் சொல்லியிருந்தார். மூன்றாவது தடவைக்கு முன் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அலுமாரிச் சாவியை சேர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த அதிகாரி திரும்பி வரவேயில்லை.

வளாகம் திறந்தபோது பிள்ளைகள் மெலிந்து, தாடி வளர்த்து, பேசப் பிடிக்காதவர்களாக வந்தார்கள். ஆனால் வந்தார்கள். சேர் வாசலில் நின்று பதிவேட்டை வைத்து ஒவ்வொரு பெயராகப் பென்சிலால் அடையாளம் போட்டார். மாணவர் குழுவில் இருந்தவர்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவன் யட்டவத்தைப் பக்கம். மற்றது இரத்தோட்டையில் ஒரு பெண் பிள்ளை. இரண்டு பேரையும் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, உதவிப்பணக் கோப்பைக் கொண்டு வாங்க மிஸ் என்றார். மாணவர் உதவிப்பணம் நீடிப்பதற்கு நாங்கள் கொழும்புக்கு அனுப்பும் சாதாரணக் கடிதங்கள். ஒரு பிரதி பிள்ளையின் ஊர் உதவி அரசாங்க அதிபர் காரியாலயத்துக்குப் போகும். அங்கே யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதற்குச் சபை அனுமதி தேவையில்லை. அவர் வீடு வீடாக அலைந்த அதே வாரம், நின்றபடி கையெழுத்துப் போட்ட தபாலில், இரண்டு பிள்ளைகளின் நீடிப்பு இருந்தது. பெயர், வீட்டு விலாசம், கிராமம் எல்லாம் பிழையில்லாமல். டைப் பண்ணியது நான். அலுமாரியைப் பூட்டி வைத்துவிட்டு அந்த விலாசங்களை நாங்களே முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறோம்.

அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நாளில் ஆளைக் காட்டிக் கொடுக்க ஊருக்குள்ளேயே எத்தனையோ பேர். அவர் கோப்பை மூடினார்.

"நான் சொன்னதத்தான டைப் பண்ணீங்க. கையெழுத்து என்னோடது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் இன்னும் மோசமானார். பென்சில் வாங்கக்கூடச் சபை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சில வருடம் கழித்து, ஒவ்வொரு நிறுவனமும் தன் நோக்கத்தையும் பணியையும் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சபை ஐந்து கூட்டம் அதைப் பேசியது. உலகத் தரம், அறிவுசார் சமூகம், மனிதவளம் என்று ஆளுக்கொரு சொல் போட்டார்கள். உங்கள் யோசனை என்ன என்று கடைசியில் சேரைக் கேட்டார்கள். ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து ஒரே வரி வாசித்தார்: எம்மிடம் படிக்க வந்த பிள்ளைகளைப் படிப்பித்து மீண்டும் வீடு சேர்த்தல். மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். அது ஸ்கூல் வேன்காரனின் வேலையல்லவா என்றார் புதிதாக வந்த அமைச்சுக்காரர். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. உலகத் தரம்தான் சட்டத்துக்குள் போனது. இப்போதும் அங்கே தொங்கும்.

விதிப்படி ஒரு வருடம் வராத மாணவரின் பதிவைச் சபை இரத்துச் செய்ய வேண்டும். முதல் வருடம் அந்த இரண்டு பெயரையும் நிகழ்ச்சி நிரலில் போட்டேன். அவர் சிவப்புப் பேனாவால் வெட்டினார். அடுத்த வருடமும் போட்டேன், வெட்டினார். மூன்றாம் வருடம் நான் போடவில்லை. விழுந்த பலாக்கிளையைச் சபைக்குக் கொண்டுபோன மனிதர், அந்த இரண்டு பெயரை மட்டும் ஒரு நாளும் கொண்டுபோகவில்லை.

யட்டவத்தைப் பையனின் தகப்பன் ஒவ்வொரு ஜனவரியும் வருவார். குடையை வாசலில் வைத்துவிட்டு, மகன் இங்கே பதிவுபெற்ற மாணவன் என்று ஒரு கடிதம் கேட்பார். காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் வாங்கினீர்களா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அங்கே செத்துவிட்டான் என்று காகிதம் தருகிறார்கள் நோனா, இங்கே படிக்கிறான் என்று தருகிறீர்கள், எனக்கு இது போதும் என்றார். எதற்கும் ஏழு நாள் கேட்கும் சேர் அந்தக் கடிதத்தை மட்டும் அவர் உட்கார்ந்திருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். நீடிப்புக் கடிதம் பிந்திய ஒரு ஜனவரியில், கையெழுத்துப் போட அதிகாரமே இல்லாத வாரத்திலும் போட்டார்.

ஓய்வு பெறும்வரை அவர் பதில் பணிப்பாளர்தான். கடைசி நாள் அலுமாரிச் சாவியை என்னிடம் தந்தார். மூன்று வருடத்தில் உக்குவளையிலேயே காலமானார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்கள், நான் நீட்டியதில் கையெழுத்துப் போட்டார்கள். ஜனவரிக் கடிதமும் அதில் ஒன்று.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது நிரந்தரப் பணிப்பாளர் ஒருவர் வந்தார். கெட்டிக்காரர், நல்ல பிள்ளை. பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, இந்த இரண்டு பேரும் என்ன, இருபது வருடமாக இரண்டாம் வருடம் படிக்கிறார்களே, அழித்துவிடுங்கள் மிஸ் என்றார். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம். நானும் சிங்களத்தில்தான் பதில் சொன்னேன். ஆனால் என் காதில் கேட்டது பழைய சேரின் தமிழ்தான்.

"அது சபைக்குப் போகணும், சேர்."

அப்படியென்றால் அடுத்த கூட்டத்தில் போடுங்கள் என்றார். சரி என்றேன். நிகழ்ச்சி நிரல் டைப் பண்ணுவது நான்தான்.